சாப்பாடும் பேச்சும் சேர்ந்தே நின்றுபோன பிள்ளை: எதை முதலில் பார்ப்பது?

காட்பாடி செல்வி

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகளைப் பற்றிக் கேட்கிறேன். பதினொன்றாம் வகுப்புப் படிக்கிறாள். ஆடிக் கிருத்திகைக்கு விரதம் இருக்கிறேன் என்று சொன்னபோது வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கிருத்திகை முடிந்தது, விரதம் முடியவில்லை. செவ்வாய் என்றாள், வெள்ளி என்றாள், அப்புறம் சனியும் சேர்ந்தது. இப்போது ராத்திரிச் சாப்பாடே கிடையாது. காலையில் ஒரு இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டு பஸ் வரும்வரை உட்கார்ந்திருக்கிறாள். தட்டில் இருப்பது குறைகிறது, வாய்க்குப் போவது தெரியவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கதவைச் சாத்திக்கொள்கிறாள். சிநேகிதிகள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை. எதைக் கேட்டாலும் எரிந்து விழுகிறாள். நம் ஊர் வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறாள். மாதவிலக்கும் நின்றுவிட்டது. வயிற்று டாக்டரிடம் காட்டி ஸ்கேன், எண்டோஸ்கோபி எல்லாம் எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை என்று சொல்லி அல்சர் மாத்திரை கொடுத்தார்கள்.

மாமா சொல்வது, "இது டிப்ரஷன், மனசு சரியானால் தானாகச் சாப்பிடுவாள், தொந்தரவு பண்ணாதீங்க." அக்கா சொல்வது, "சாப்பிட்டால்தான் மனசே சரியாகும்." இரண்டு பேருக்கும் இதில் தினம் சண்டை. யார் சொல்வது சரி?

நெறியாளர்

இந்த இழையில் எழுதுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். யாருடைய எடை, எத்தனை கலோரி, என்ன செய்து மெலிந்தார்கள் என்ற விவரம் வேண்டாம். இதே சிக்கலில் இருக்கும் பிள்ளைகளும் இங்கே வாசிக்கிறார்கள். அந்த எண்களைப் பார்த்தால் அவர்களுக்கு அது போட்டியாகிவிடும்.

ஸ்டெல்லா சிஸ்டர்

செல்வி, நான் மனநல வார்டில் செவிலியாக இருந்து ஓய்வு பெற்றவள். நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்தப் பெண்ணுக்குச் சாப்பாட்டின் மேல் அக்கறையே போய்விட்டதா, இல்லை சாப்பாட்டைப் பற்றியே நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறாளா? அடுப்படிப் பக்கம் வருகிறாளா?

காட்பாடி செல்வி

சிஸ்டர், அதுதான் எங்களுக்குப் புரியாத விஷயம். ஞாயிற்றுக்கிழமை அவளாகவே கேசரி கிண்டினாள். முந்திரி வறுத்துப் போட்டு, நெய் விட்டு, வீட்டில் ஒவ்வொருவர் தட்டிலும் வைத்து, தம்பி முழுசாகத் தின்று முடித்தானா என்று பக்கத்தில் நின்று பார்த்தாள். அவள் ஒரு துளி வாயில் வைக்கவில்லை. ராத்திரி போனில் ஆம்பூர் பிரியாணி செய்யும் வீடியோவாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஸ்டெல்லா சிஸ்டர்

இந்த விவரத்தை எண்டோஸ்கோபி எடுத்த இடத்தில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இதில்தான் விஷயமே இருக்கிறது.

வெறும் மனச்சோர்வில் பெரும்பாலும் பசி செத்துப்போகும். சோறும் ஒன்றுதான், மண்ணும் ஒன்றுதான் என்று கிடப்பார்கள். ஊருக்கே சமைத்துப் போடும் தெம்பு அவர்களுக்கு இருக்காது. அனோரெக்சியா என்று ஒரு நோய் இருக்கிறது, சாப்பாட்டைத் தானாகவே ஒதுக்கி உடம்பை வாட்டுவது. அதில் பசி உள்ளே எரிந்துகொண்டுதான் இருக்கும். அதை அடக்குவதே அந்தப் பிள்ளைக்கு முழுநேர வேலை. அதனால்தான் சமையல் வீடியோ, மற்றவர் தட்டின் மேல் கண், இட்லியை அரை மணி நேரம் பிய்ப்பது. குளிர், நின்றுபோன மாதவிலக்கு இரண்டும் உடம்பு பட்டினியில் இருப்பதைக் காட்டுகின்றன.

இனி உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். 1944–45இல் அமெரிக்காவில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில், ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். போரில் ஆயுதம் எடுக்க மாட்டோம் என்று மறுத்து, அதற்குப் பதிலாக இதற்கு முன்வந்தவர்கள். உடம்பும் மனசும் திடமாக இருக்கிறதா என்று பரிசோதித்துப் பொறுக்கி எடுத்த ஆட்கள். ஆறு மாதம் அரை வயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் சுமார் கால் பங்கு போனது. அதோடு சிரிப்பு போனது, சிநேகம் போனது. எரிச்சல், மனச்சோர்வு, தனியாக இருக்கும் ஆசை, ஓயாத குளிர். தட்டில் இருப்பதை மணிக்கணக்கில் இழுத்துச் சாப்பிட்டார்கள். சமையல் புத்தகங்களை உட்கார்ந்து வாசித்தார்கள். அவர்களில் ஒருவர்கூட மெலிய ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. பட்டினியே அத்தனையையும் கொண்டுவந்தது. அப்புறம் வயிறு நிறையச் சாப்பிடத் தொடங்கியும் பலருக்கு மனசு திரும்ப மாதக்கணக்கில் ஆனது.

ஆக, மாமா பார்க்கும் டிப்ரஷன் பொய் இல்லை, உண்மைதான். ஆனால் மனசு சரியாகட்டும், அப்புறம் சாப்பிடட்டும் என்று காத்திருந்தால் மனசு சரியாகாது. பட்டினியால் வாடும் மூளைக்கு எந்த ஆறுதலும் ஏறாது. சாப்பாடுதான் முதல் மருந்து. அக்கா பக்கம்தான் நான்.

பேர்ணாம்பட்டு பாலா

பெரியவன் என்ற முறையில் சொல்கிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் கிடைத்தால் போதும் என்று வளர்ந்தவர்கள். பசி வந்தால் எந்தப் பிள்ளையும் சாப்பிடும். இது வெளிநாட்டுக்காரன் வியாதி, வசதியான வீட்டுப் பிள்ளைகள் சினிமா நடிகையைப் பார்த்து இழுத்துக்கொள்வது. இரண்டு நாள் கண்டுகொள்ளாமல் விடுங்கள். மனநல மருத்துவமனைக்குக் கூட்டிப்போனால் நாளைக்குக் கல்யாணம் காட்சி என்று வரும்போது ஊர் பேசும். அந்தப் பெண்ணின் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்.

ஸ்டெல்லா சிஸ்டர்

பாலா ஐயா, ஊர் பேசும் என்ற உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்தாலேயே ரொம்பத் தாமதமாக வந்த குடும்பங்களை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் 'வெளிநாட்டு வியாதி' என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. 2007இல் இந்தியக் குழந்தை மருத்துவர்களின் இதழில் நம் வேலூர் சிஎம்சியின் (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) குழந்தைகள், வளரிளம் பருவத்தினருக்கான மனநலப் பிரிவிலிருந்தே ஒரு கட்டுரை வந்தது. உணவுக் கோளாறு என்று அங்கே வந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இருந்தது மனசு சார்ந்த வாந்தி. வயிற்றில் கோளாறு எதுவும் இருக்காது, சாப்பிட்டது தங்காது. அனோரெக்சியா அதைவிடக் குறைவு, ஆனால் அதுவும் இருந்தது. நம் ஊரில் வயிற்று டாக்டர் வழியாகச் சுற்றிக்கொண்டுதான் இவர்கள் வருகிறார்கள்.

இன்னொன்று. மேலை நாட்டுப் பிள்ளை 'குண்டாகிவிடுவேன்' என்று வாய்விட்டுச் சொல்லும். நம் பிள்ளைகளில் பலர் அதைச் சொல்வதே இல்லை. வயிறு உப்புசம், பசியில்லை, நெஞ்சைக் கரிக்கிறது, விரதம் என்பார்கள். ஹாங்காங்கிலும் இந்தியாவிலும் 1990களிலேயே மருத்துவர்கள் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதனால் 'அவளுக்கு அழகு பைத்தியம் கிடையாது, அப்போ இது அது இல்லை' என்று முடிவு கட்ட வேண்டாம்.

கண்டுகொள்ளாமல் விடுவது ஆபத்து ஐயா. மனநோய்களிலேயே உயிரிழப்பு அதிகம் உள்ளவற்றில் அனோரெக்சியா ஒன்று. இறப்பவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார். மனச்சோர்வு உயிரோடு விளையாடுவது அந்த இடத்தில்தான்.

வாணியம்பாடி ஹாஜிரா

ஸ்டெல்லா ஆன்ட்டி எழுதியதற்குப் பக்கத்தில் என் கதையையும் வைக்கிறேன். நான் மெலிந்து போகவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இருந்தது புலிமியா, அடக்க முடியாமல் சாப்பிட்டுவிட்டு அதை வெளியேற்றும் நோய். பத்தாம் வகுப்பில் முதலில் வந்தது சோகம்தான். காரணமில்லாமல் அழுகை, எழுந்திருக்கவே மனசில்லை. அப்புறம் ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு கையில் கிடைத்ததைச் சாப்பிட ஆரம்பித்தேன். சாப்பிடும்போது கொஞ்ச நேரம் தலைக்குள் அமைதி. முடிந்ததும் தாங்க முடியாத அவமானம், அதைச் சரிக்கட்ட வாந்தி. காலையில் 'இன்றைக்கு ஒன்றுமே சாப்பிடக் கூடாது' என்று ஒரு சபதம். பகலெல்லாம் பட்டினி கிடந்தால் ராத்திரி மறுபடி அதுதான் நடக்கும். நடந்ததும் இன்னும் சோகம். எனக்குச் சோகம் முதலில், சாப்பாடு பிறகு. செல்வி அக்கா வீட்டில் சாப்பாடு முதலில், சோகம் பிறகு. உள்ளே போய்விட்டால் இரண்டும் ஒரே சுழல்தான்.

ரமலான் மாதம்தான் எனக்கு ரொம்பக் கஷ்டம், ரொம்பச் சௌகரியமும். பகலில் சாப்பிடாததை யாரும் கேட்க மாட்டார்கள். இஃப்தாருக்குக் கஞ்சி, சமோசா, பேரீச்சம்பழம் என்று விரிப்பில் பரப்பியிருப்பார்கள். எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிடுவார்கள், நான் மட்டும் பாத்ரூம் எப்போது காலியாகும் என்று கதவையே பார்த்துக்கொண்டிருப்பேன். விஷயம் தெரிந்த பிறகு என் நன்னிமாதான் சொன்னார்கள், "நோயாளிக்கு நோன்பு கடமையில்லைம்மா, குணமானதும் பார்த்துக்கொள்ளலாம்." அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்லத் தெரியவில்லை.

எனக்குக் கொடுத்த சிகிச்சை சிபிடி, அதாவது நினைப்பையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை. முதலில் மனசைக் கிளறவில்லை. மூன்று வேளைச் சாப்பாடு, நடுவே இரண்டு சிற்றுண்டி, கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிட வேண்டும், பசித்தாலும் பசிக்காவிட்டாலும். ஒரு நோட்டில் என்ன சாப்பிட்டேன், அப்போது மனசு எப்படி இருந்தது என்று எழுத வேண்டும். பகல் பட்டினி நின்றதும் ராத்திரி ஆவேசம் குறையத் தொடங்கியது. சோகத்தைப் பற்றிப் பேசக்கூடிய தெம்பு அதற்கப்புறம்தான் வந்தது.

பல் டாக்டர் தம்பி (சத்துவாச்சாரி)

ஹாஜிரா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வாந்தி எடுக்கும் பிள்ளைகளை முதலில் கண்டுபிடிக்க வாய்ப்புள்ளவர்கள் எங்களைப் போன்றவர்கள். மேல் முன்பற்களின் உள்பக்கம் எனாமல் கரைந்து வழவழப்பாக இருக்கும், அது வயிற்று அமிலத்தின் வேலை. காதுக்கு முன்னால் தாடையோரம் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கி முகம் உப்பியது போலத் தெரியும். சிலருக்கு விரல் முட்டிகளில் தழும்பு இருக்கும். பெற்றோர் முன்னால் இதைக் கேட்க மாட்டேன். எக்ஸ்ரே எடுக்கும் சாக்கில் பிள்ளையிடம் தனியாகப் பேசுவேன். வாந்தி எடுத்த உடனே பல் துலக்கக் கூடாது, இளகிய எனாமல் இன்னும் தேயும். தண்ணீரில் கொப்பளித்தால் போதும் என்று சொல்வேன். அந்தச் சின்னப் பேச்சிலிருந்தே சிலர் மனம் விட்டுப் பேசியிருக்கிறார்கள்.

வாலாஜா வினோத்

பெண் பிள்ளைகளைப் பற்றியே பேசுகிறோம். என் தம்பி பாலிடெக்னிக் படிக்கிறான். ஜிம்முக்குப் போக ஆரம்பித்து, சோறு போச்சு, இட்லி போச்சு, அம்மா வைக்கும் குழம்பில் எண்ணெய் என்று அதுவும் போச்சு. கண்ணாடி முன்னால் நின்று 'இன்னும் எலும்பாத்தான் இருக்கேன்' என்கிறான். ஒரு நாள் ஜிம் மூடியிருந்தால் அன்றைக்கு முழுக்க அறைக்குள் இருட்டில் கிடக்கிறான். பையன் என்பதால் 'டிசிப்ளின்' என்று எல்லோரும் பாராட்டுகிறார்கள். இதுவும் அந்த வகைதானே?

ஸ்டெல்லா சிஸ்டர்

ஆமாம் தம்பி, அதே வகைதான், திசை மட்டும் வேறு. ஜிம் மூடிய நாள் இருட்டில் கிடக்கிறான் என்றீர்களே, அதைத்தான் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வர வேண்டும் என்பதில்லை, எரிச்சலாகவும் கோபமாகவும் வரும். பையன்களிடம் இதைத் 'திமிர்' என்று தள்ளிவிடுகிறோம்.

காட்பாடி செல்வி

நீங்கள் எழுதியதை மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "சரி, டாக்டர் டிப்ரஷன் மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் சரியாகிவிடுமா, எங்கே கூட்டிப்போவது, வீட்டில் நாங்கள் என்ன செய்வது என்று கேள்" என்றார்.

ஃபார்மசி ரவி (தொரப்பாடி)

மாத்திரை பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற மருந்து வளரிளம் பருவ டிப்ரஷனுக்குக் கொடுப்பதுதான், பெரியவர்களின் புலிமியாவுக்கும் அங்கீகாரம் பெற்றது. ஆனால் அனோரெக்சியாவில் எடை குறைந்து கிடக்கும்போது இந்த வகை மருந்துகள் பெரிதாக வேலை செய்வதில்லை. இந்த மருந்துகள் வேலை செய்வது மூளையில் இருக்கும் செரட்டோனின் என்ற ரசாயனத்தின் மேல். அதை உடம்பு தயாரிப்பதே சாப்பாட்டில் வரும் டிரிப்டோஃபான் என்ற சத்திலிருந்து. அந்த மூலப்பொருள் வராதபோது மருந்துக்குப் பிடிமானம் இல்லை என்பது ஒரு விளக்கம். எடை தேறிய பிறகு கொடுத்துப் பார்த்த 2006ஆம் ஆண்டு ஆய்விலும் வெற்று மாத்திரையைவிட அது மேலாக இல்லை. புப்ரோபியான் என்று ஒரு டிப்ரஷன் மருந்து இருக்கிறது, அனோரெக்சியாவோ புலிமியாவோ உள்ளவர்களுக்கு அது வலிப்பைக் கொண்டுவரலாம், கொடுக்கக் கூடாது. அதனால்தான் சாப்பாட்டு விஷயத்தை டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இளம் வயதில் இந்த மருந்துகளைத் தொடங்கும் முதல் சில வாரங்கள் தற்கொலை எண்ணம் தலைகாட்டுகிறதா என்று நெருக்கமாகப் பார்க்க வேண்டும். யாரும் சீட்டு இல்லாமல் வந்து கேட்காதீர்கள், நான் கொடுக்க மாட்டேன்.

ஸ்டெல்லா சிஸ்டர்

ரவி சொன்னது அத்தனையும் சரி. செல்வி, மாமாவுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள்.

எங்கே போவது: பாகாயத்தில் சிஎம்சியின் மனநல மையம் இருக்கிறது, குழந்தைகள் பிரிவும் உண்டு. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416, இலவசம், தமிழில் பேசலாம். மயக்கம், நெஞ்சு படபடப்பு, நாடி ரொம்ப மெதுவாக ஓடுவது, தண்ணீரும் குடிக்காமல் இருப்பது, செத்தால் தேவலை என்ற பேச்சு, இதில் எது இருந்தாலும் ஓபி (புறநோயாளி) சீட்டுக்கு நிற்காமல் நேராக அவசரப் பிரிவு. ஒன்றை மறக்க வேண்டாம்: நாள்பட்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகச் சாப்பாட்டை ஏற்றினால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயத்தையே பாதிக்கும். அதனால் முதலில் ரத்தப் பரிசோதனை, ஈசிஜி. எவ்வளவு, எப்படி ஏற்றுவது என்பதை டாக்டர் சொல்லட்டும்.

வீட்டில் என்ன செய்வது என்பதற்குத்தான் நான் அதிகம் எழுத வேண்டும். 1980களில் லண்டனில் மாட்ஸ்லி மருத்துவமனையில் உருவான ஒரு முறை இருக்கிறது. பிள்ளையின் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொஞ்ச காலத்துக்குப் பெற்றோர் முழுசாகக் கையில் எடுப்பது. பிள்ளை தேறத் தேற அந்தப் பொறுப்பைத் திருப்பிக் கொடுப்பது. 2010இல் அமெரிக்காவில் 121 வளரிளம் பருவத்தினரிடம் இதையும் தனி ஆலோசனையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிகிச்சை முடிந்து ஒரு வருடம் கழித்து, குடும்பம் சேர்ந்து செய்ததில் 49 சதவீதம் பேர் முழுசாகத் தேறியிருந்தார்கள். தனி ஆலோசனையில் 23 சதவீதம். குடும்பம் உடனிருப்பது நம் ஊருக்குப் புதிதில்லை. பாகாயத்து மையம் 1957இல் வந்தது, நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிப் பார்த்துக்கொள்வது அங்கே வெகுகால வழக்கம்.

தட்டில் போடுவது அக்காவாக இருக்கட்டும், பேரம் வேண்டாம். யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சாப்பிட வேண்டும். பேச்சு சாப்பாட்டைப் பற்றி இருக்கக் கூடாது. தம்பியின் கிரிக்கெட், பாலாற்றில் தண்ணீர் வந்தது, எதுவானாலும் சரி. "உனக்காக எவ்வளவு செலவு" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. அவள் அழுவாள், கத்துவாள், தட்டைத் தள்ளுவாள். "இது உனக்கு எவ்வளவு கஷ்டம்னு தெரியுது, நான் இங்கயேதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் இருந்தால் போதும். முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் தனியாக விடாதீர்கள். அவள் மேல் கோபம் வந்தால், எதிரே நோய் உட்கார்ந்திருக்கிறது, பிள்ளை அதற்குப் பின்னால் இருக்கிறாள் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் தேறியதும் சொந்தக்காரர்கள் வந்து, "இப்பத்தான் கன்னம் வச்சிருக்கு, பார்க்க லட்சணமா இருக்கே" என்பார்கள். ஆசையாகத்தான் சொல்வார்கள். அந்தப் பிள்ளை காதில் அது 'குண்டாயிட்டே' என்றுதான் விழும், மறுநாள் சாப்பாடு பாதியாகும். வாசலிலேயே சொல்லி வையுங்கள், உடம்பைப் பற்றி நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம் என்று.

சாப்பாடு ஒழுங்கானதும் மனச்சோர்வு நிறையப் பேருக்குத் தானாகவே குறையும். குறையாவிட்டால் அது தனியாக நிற்கிறது என்று அர்த்தம், அதற்குத் தனியாக ஆலோசனையும் மருந்தும் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே டாக்டர் குழு பார்ப்பது நல்லது.

பேர்ணாம்பட்டு பாலா

எல்லாம் வாசித்தேன். என் பேத்தி சென்னையில் நீட் கோச்சிங் ஹாஸ்டலில் இருக்கிறாள். தீபாவளிக்கு வந்தபோது பாதி ஆளாக இருந்தாள், படிப்புக் கவலை என்று நினைத்துக்கொண்டோம். மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை என்கிறாள். பரீட்சை முடியட்டும் என்று மகன் சொல்கிறான். காத்திருக்கலாமா?

ஸ்டெல்லா சிஸ்டர்

காத்திருக்க வேண்டாம் ஐயா. ஹாஸ்டல் வார்டனால் ஒவ்வொரு வேளையும் ஒரு பிள்ளையின் பக்கத்தில் உட்கார முடியாது. மகனோ மருமகளோ இந்த வாரமே போய், கூட இரண்டு நாள் தங்கி, மூன்று வேளையும் அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும். மெஸ் சாப்பாடுதான் காரணம் என்றால் வெளியே ஹோட்டலில் வயிறாரச் சாப்பிடுவாள். அங்கேயும் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் சாயங்கால ரயிலில் காட்பாடிக்குக் கூட்டிவந்துவிடுங்கள். நீட் அடுத்த வருடமும் எழுதலாம். எத்தனை மணிக்கு பாகாயத்தில் ஓபி என்று நான் விசாரித்து உங்களுக்குத் தனிமடலில் அனுப்புகிறேன்.